சைடு மிஷன்ல எதை முடிக்கணும், எதைத் தாண்டிப் போகணும்? வடசென்னை கேமர்ஸ் இழை

#1 கொருக்குப்பேட்டை_கேட்
சைடு மிஷன்னா மெயின் கதைக்கு வெளிய இருக்கற வேலைங்க. மாசத்துக்கு ஒருத்தராவது இதே கேள்வியோட வர்றாங்க. "ஓபன் வேர்ல்ட் கேம் ஒண்ணு எறக்கிட்டேன், மேப் பூரா ஐகான், எதைப் பண்றது எதை விடறது?" தனித்தனியா பதில் சொல்லி மாளல. ஒரே எடத்துல கொட்டிடுவோம். "செமையா இருக்கும் ப்ரோ" மாதிரி பதில் வேணாம். எந்த கேம், எந்த மிஷன், எப்பப் பண்ணணும், என்ன கிடைக்கும், எங்க சொதப்பும், அது போதும். இன்னொரு பேச்சும் ஓடுது: ஓபன் வேர்ல்டே அலுத்துப்போச்சு, ஜனங்க சின்ன கேமுக்குத் தாவிட்டாங்கன்னு. அதையும் இங்கயே பேசித் தீர்த்துக்கலாம்.

#2 மிண்ட்_மணிக்கூண்டு
பழசுலேர்ந்து வருவோம். ஜிடிஏ வைஸ் சிட்டி, 2002. டப்பா லேப்டாப்லகூட ஓடும்ங்கறதால இன்னைக்கும் நம்ம ஏரியா பசங்க மொதல்ல தொடறது இதைத்தான். அதுல நாலு வண்டி வேலை இருக்கு. கதைய நகர்த்தறதுக்கு முன்னாடி இதை முடிச்சிட்டா மீதி கேமே சுலபமாயிடும்.

பீட்சா ஸ்கூட்டர் 10 லெவல் முடிச்சா ஹெல்த் 100லேர்ந்து 150. ஆம்புலன்ஸ் 12 லெவலுக்கு எவ்வளவு ஓடினாலும் மூச்சு வாங்காது. ஃபயர் இஞ்சின் 12க்குத் தீ பட்டாலும் ஒண்ணும் ஆகாது. போலீஸ் வண்டியில ரவுடிங்களத் துரத்தற விஜிலாண்டி 12க்கு ஆர்மர் 150.

ஆம்புலன்ஸ்லதான் நெறைய பேர் மண்ணைக் கவ்வறாங்க. லெவல் எத்தனையோ அத்தனை பேஷண்ட், 12 லெவலுக்கு மொத்தம் 78 பேர். வண்டியில ஒரு ட்ரிப்புக்கு மூணு பேர்தான். நடுவுல எறங்கினா மிஷன் கேன்சல், திரும்ப ஒண்ணுலேர்ந்து. அதனால தூரத்துல இருக்கறவன ஒரு ட்ரிப், பக்கத்துல இருக்கற மூணு பேர ஒரு ட்ரிப்னு பிரிச்சுக்கணும். வேகமா போய் வண்டிய மோதி நசுக்கினா அதுலயும் டைம் போச்சு. பேஷண்ட் மேலயே ஏத்திட்டா சொல்லவே வேணாம்.

சான் ஆண்ட்ரியாஸ்ல இதே வேலைய ஏஞ்சல் பைன்ல போய்ப் பண்ணுங்க. சின்ன ஊர், அங்கயே ஆஸ்பத்திரி, ட்ராஃபிக் கிடையாது. லாஸ் சாண்டோஸ்ல பண்றவன் தலையெழுத்து.

#3 ஏழுகிணறு_எக்ஸ்
தல, வைஸ் சிட்டி ஹெலிகாப்டர் மிஷன்? நாலு குண்டு வைக்கறது? அதுலயே நிக்கறாங்க பாதிப் பேரு.

#4 மிண்ட்_மணிக்கூண்டு
டெமாலிஷன் மேன். அது சைடா மெயினாங்கறது தனிப் பஞ்சாயத்து. 7 நிமிஷம்னு டைமர் காட்டுதுல்ல, அது மொத குண்டத் தூக்கின அப்புறம்தான் ஓட ஆரம்பிக்கும். இது தெரியாமத்தான் எல்லாரும் பதறிப்போய் உடனே குண்டத் தூக்கறாங்க. மொதல்ல வெறும் ஹெலிகாப்டரோட உள்ள போங்க. மாடிமாடியா ஏறி அங்க நிக்கற ஆளுங்கள எல்லாம் விசிறியாலயே காலி பண்ணுங்க. எந்தப் படிக்கட்டு வழியா மேல ஏறலாம்னும் பாத்துக்குங்க. மாடிக்கு ஒரு குண்டு, நாலு மாடி. எடமெல்லாம் தெரிஞ்சு, ஆளும் இல்லேன்னா 7 நிமிஷம் தாராளம்.

ரெண்டு எச்சரிக்கை. ஹெலிகாப்டர சாய்க்கற பட்டன் நம்பர்பேடுல இருக்கும். நம்பர்பேடு இல்லாத லேப்டாப்னா மிஷனுக்குப் போறதுக்கு முன்னாடியே கண்ட்ரோல் செட்டப்ல மாத்திடுங்க. அப்புறம் டிஸ்ப்ளே செட்டிங்ல ஃபிரேம் லிமிட்டர் ஆன்ல இருக்கணும். ரெண்டு பழைய ஜிடிஏவும் குறைஞ்ச ஃபிரேம் ரேட்டுக்குன்னு எழுதினது. ஆஃப் பண்ணிட்டா பிசிக்ஸ் கோணிக்கும். சான் ஆண்ட்ரியாஸ்ல நீச்சல்கூட நத்தை வேகத்துக்கு வந்துடும்.

#5 வியாசை_விங்கர்
ஜிடிஏ 5க்கு வரேன். இதுல ஒரு சைடு மிஷன் வரிசை மட்டும் மத்த எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டுடும்: லெஸ்டர் குடுக்கற கொலை வேலைங்க. மொத்தம் அஞ்சு. மொதல் ஹோட்டல் மிஷன் கதையோட வர்றது, தப்பிக்க முடியாது. மீதி நாலையும் தொடாதீங்க. கடைசிக் கொள்ளை முடிஞ்சு மூணு ஹீரோ கையிலயும் கோடிக்கணக்குல டாலர் வந்தப்புறம்தான் பண்ணணும். ஏன்னா ஒவ்வொரு கொலையும் ஒரு கம்பெனி ஷேர ஏத்தும், எதிராளிய எறக்கும். கையில இருக்கற காசு எவ்வளவோ லாபமும் அவ்வளவு.

ஒவ்வொரு மிஷனுக்கும் முன்னாடி மைக்கேல், ஃபிராங்க்ளின், ட்ரெவர் மூணு பேரும் மொத்தக் காசையும் போடணும். ஃபிராங்க்ளின் மட்டும் போட்டா மூணுல ஒரு பங்குதான் பெருகும். மல்டி டார்கெட் மிஷனுக்கு முன்னாடி எல்சிஎன்ங்கற ஷேர் மார்க்கெட்ல டெபோனேர். அது சுமார் 80 சதம் ஏறினதும் வித்துட்டு, விழுந்து கிடக்கற ரெட்வுட்ட அள்ளுங்க. மொத்த கேம்லயே பெரிய பாய்ச்சல் அதுதான், ஏறக்குறைய 300 சதம். ஆனா உடனே ஏறாது, ரெண்டு நாள் மாதிரி விடணும். வைஸ் மிஷனுக்கு முன்னாடி ஃப்ரூட், பின்னாடி ஃபசாட். பஸ் மிஷனுக்கு முன்னாடி ஒண்ணும் வாங்காதீங்க, முடிஞ்சப்புறம் வேபிட். கடைசி கன்ஸ்ட்ரக்‌ஷன் மிஷனுக்கு முன்னாடி கோல்ட்கோஸ்ட்.

நாளத் தள்ளறதுக்கு பெட்ல படுத்தா போதும். மைக்கேல் படுத்தா 6 மணி நேரம், ஃபிராங்க்ளின் 8, ட்ரெவர் 12. அதனால எப்பவும் ட்ரெவரப் படுக்க வைங்க. எழுந்ததும் ஃபோன எடுத்து விலையப் பாருங்க. ஏறினது நின்னு ஒரு தடவ எறங்க ஆரம்பிச்சா வித்துடணும். இன்னும் கொஞ்சம் ஏறட்டும்னு ஆசைப்பட்டா கோவிந்தா.

#6 ராயபுரம்_1856
விங்கர் சொன்னதுல ஒரு ஓட்டைய அடைக்கறேன். ஃப்ரூட், வேபிட் ரெண்டும் பாசாக் மார்க்கெட். அது ஆன்லைன் சர்வர நம்பி ஓடறது. நெட் இல்லேன்னா இல்ல சர்வர் படுத்துட்டா வாங்கவும் முடியாது, விக்கவும் முடியாது. டெபோனேர், ரெட்வுட், கோல்ட்கோஸ்ட் எல்சிஎன், நெட் இல்லாமலே நடக்கும். பாசாக் மிஷன ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மார்க்கெட் தொறந்திருக்கான்னு பாத்துட்டுப் போங்க.

ஒவ்வொரு மிஷனுக்கும் தனி ஸ்லாட்ல சேவ் போடணும். ஒரே ஸ்லாட்ல மேல மேல போட்டுட்டு, மூணாவது ஆளு வாங்க மறந்துட்டான்னு அப்புறம் அழுது புண்ணியமில்ல. எல்லாம் சரியாப் போனா ஒரு ஆளுக்கு 2,147,483,647 டாலர்ல நின்னுடும். 32 பிட் எண்ணுக்கு அதுதான் எல்லை, அதுக்கு மேல கணக்கு ஏறாது.

#7 பெரம்பூர்_லோகோ
காசு சமாச்சாரம் ஓகே. கதைக்காக சைடு மிஷன்னா விட்ச்சர் 3தான், 2015. ஆனா இதுல வரிசை தப்பினா மிஷனே மண்டையப் போட்டுடும், அதை யாரும் தெளிவாச் சொல்றதில்ல.

மொத விஷயம் லெவல். குவெஸ்ட் லாக்ல, அதான் மிஷன் லிஸ்ட்ல, பேருக்குப் பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும். உங்க லெவல் அதை விட 6 ஏறிடுச்சுன்னா அந்தக் குவெஸ்ட் சாம்பல் கலர் ஆயிடும், அப்புறம் எக்ஸ்பி, அதாவது லெவல் ஏத்தற பாயிண்ட், பேருக்குத்தான். அதனால எல்லாத்தையும் பொறுக்கிட்டு அப்புறம் மெயின்னு கிளம்பறவனுக்குப் பாதி சைடு மிஷன் வீண். லெவலுக்கு ஒட்டி இருக்கறத மட்டும் எடுத்துப் பண்ணிட்டு மெயின்ல ஒரு அடி வைங்க. அப்புறம் திரும்ப சைடு. இப்பிடி மாத்தி மாத்திப் போறதுதான் அந்த கேமோட நடை.

ரெண்டாவது கெடு. ஐல் ஆஃப் மிஸ்ட்ஸ்னு ஒரு மெயின் மிஷன் வரும். அதுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி "நவ் ஆர் நெவர்", "எ டெட்லி ப்ளாட்", "ஆன் ஐ ஃபார் ஆன் ஐ" மூணும் முடிஞ்சிருக்கணும். இல்லேன்னா மூணும் ஃபெயில். அது வெறும் எக்ஸ்பி நஷ்டம் இல்ல. ராஜாவக் கொல்லப் போடற திட்டத்த முடிக்கற "ரீசன் ஆஃப் ஸ்டேட்" தொறக்கவே தொறக்காது, கடைசியில நாட்டோட கதி மாறிடும். கெய்ராங்கற சூனியக்காரி கதைய முடிக்கலேன்னா கேர் மோர்ஹென் சண்டைக்கு ஒரு ஆளு கொறையும்.

மூணாவது க்வெண்ட் சீட்டு, கேமுக்குள்ளயே ஆடற சீட்டாட்டம். "எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்"ல முகமூடி விருந்துக்குப் போறப்ப அங்க ஒரு சீட்டுப் போட்டி நடக்கும். அதை ஆடாம வெளிய வந்தா அந்த சீட்டுங்க போனதுதான். எல்லா சீட்டும் சேக்கணும்னு நினைக்கறவன் அங்க தோத்தா பழைய சேவ எடுத்துத் திரும்ப ஆடணும்.

கான்ட்ராக்ட் போர்டுல பேரம் பேசறப்ப எதிராளி கோபத்துக்கு ஒரு பட்டை இருக்கும். ஒரேயடியா எகிறினா அது நிரம்பிடும், பேரம் படியாது. கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, நம்ம மார்க்கெட்ல மீன் வாங்கற மாதிரி, தலைகீழா.

#8 எண்ணூர்_அலையாத்தி
விட்ச்சர் மேப்ல ஸ்கெல்லிகே கடல்ல மிதக்கற கேள்விக்குறிகள விட்டுட்டீங்க அண்ணே. கடத்தல்காரன் புதையல்னு பேரு. படகுல போய் மேல பறக்கறதுங்களச் சுட்டு, எறங்கி முங்கி எடுத்தா, விக்கக்கூட லாயக்கில்லாத கத்தி நாலு. பைல கனம் வேற ஏறி நடக்கவே முடியாது. அதை ஒருத்தரும் முழுசா முடிக்காதீங்க. இந்தக் கேள்விக்குறிய மேப்ல மறைக்க செட்டிங்ஸ்லயே வழி இருக்கு. மறைச்சுட்டா மனசு லேசாயிடும்.

#9 தேரடி_தெரு
அந்தக் கேள்விக்குறிதான் இங்க நிஜப் பிரச்னை. கோபுரம் ஏறி மேப்பத் தொறக்கற பழக்கம் 2007 அசாசின்ஸ் க்ரீட்ல வந்துச்சு. 2012 ஃபார் க்ரை 3ல ரேடியோ டவராச்சு. எல்லாரும் காப்பியடிச்சு அலுத்துப்போய் 2018 ஃபார் க்ரை 5ல அவங்களே டவரத் தூக்கிட்டாங்க. நடுவுல 2017ல செல்டா ப்ரெத் ஆஃப் த வைல்ட் வேற மாதிரி யோசிச்சுது. கோபுரம் இருக்கும், ஆனா ஐகான் கொட்டாது. மேல நின்னு நீங்களே பாத்துக் குறி வைக்கணும். கோஸ்ட் ஆஃப் சுஷிமால காத்து அடிக்கற பக்கம்தான் வழி.

செல்டாவுலயும் ஒரு பொறி இருக்கு. கோரோக் விதை மொத்தம் 900. பை முழுசாப் பெருசாக 441 போதும். மீதி 459க்கு வேலையே இல்ல. எல்லாத்தையும் யாரும் தேட வேணாம்னுதான் அவ்வளவு தூவி வச்சிருக்காங்க, எந்தப் பக்கம் போனாலும் ஒண்ணு கண்ணுல பட. அதைப் போய் லிஸ்ட் போட்டு டிக் அடிச்சா தப்பு யார் மேல?

ருசி மாறிடுச்சான்னு கேட்டதுக்கு என் கணக்கு இது. மாறினது ருசி இல்ல, உக்கார்ற நேரம். பேட்டில் ராயல் ஒரு ரவுண்டு முப்பது நிமிஷத்துக்குள்ள. வாம்பயர் சர்வைவர்ஸ் ஒரு ஸ்டேஜ் 30 நிமிஷத்துல முடிஞ்சே ஆகணும். பலாட்ரோ ஒரு ஆட்டமும் அந்த அளவுதான். வேலை முடிஞ்சு விம்கோ நகர் மெட்ரோவுல வந்து எறங்கற ஆளுக்கு ராத்திரி கிடைக்கற நேரம் அவ்வளவுதான். அந்த முப்பது நிமிஷத்துல ஆரம்பிச்சு முடிஞ்சு, ஏதோ ஒண்ணு மாறிச்சுங்கற நிறைவு குடுக்கற சைடு மிஷன் இன்னும் ஓடுது. குதிரையில பதினஞ்சு நிமிஷம் போய், ஒரு மூட்டைய எடுத்து, திரும்பப் பதினஞ்சு நிமிஷம் வர்ற மிஷன்தான் செத்துச்சு.

#10 காசிமேடு_கடைசி_படகு
அக்கா, நேரம் மட்டும்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். நேரம்தான் காரணம்னா 2022ல எல்டன் ரிங்கும் 2023ல பால்டர்ஸ் கேட் 3யும் அந்தப் போடு போட்டிருக்காது. ரெண்டும் நூறு மணி நேரம் கேக்கற கேம். நம்ம பக்கம் மாத்தினது கருவியும் காசும். ஒத்த ரூபா காயின் போட்டு கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் ஆடின காலம், அதை முஸ்தபான்னு சொன்னாத்தான் யாருக்கும் தெரியும். அப்புறம் பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்குல கவுண்டர் ஸ்ட்ரைக். 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டா சல்லிசாச்சு, 2018ல பப்ஜி மொபைல் வந்துச்சு, தெரு மொத்தமும் ஃபோனுக்குள்ள போயிடுச்சு. 2020 செப்டம்பர்ல தடை, 2021 ஜூலையில பிஜிஎம்ஐன்னு திரும்பி வந்துச்சு. இதுல எங்க ருசி மாறிச்சு? கையில எது இருந்துச்சோ அதை ஆடினாங்க.

#11 தேரடி_தெரு
சரி, பாதி ஒத்துக்கறேன். கருவி மாறினது நிஜம். ஆனா எல்டன் ரிங்க நீ எனக்குச் சாதகமாத்தான் சொன்ன தம்பி. அதுல குவெஸ்ட் லாக்கே கிடையாது. ஒரு குகைக்குள்ள போனா இருபது நிமிஷத்துல பாஸ்னு ஒரு பெரிய எதிரி, வெளிய வந்தா கையில புதுசா ஒண்ணு. பெரிய கேம்தான், ஆனா சின்னச் சின்னக் கவளமாத் தட்டுல வச்சிருக்கான். பால்டர்ஸ் கேட் 3லயும் சும்மா பேச்சுக்கு நிக்கற ஆளுன்னு நீ தாண்டினவன் அடுத்த ஆக்ட்ல வந்து முன்னாடி நிப்பான். சைடுன்னு தனியா ஒரு கூடையில போடல.

#12 பெரம்பூர்_லோகோ
இதுக்கு சைபர்பங்க் 2077 நல்ல உதாரணம். பனாம்ங்கற பொண்ணோட மிஷன்கள "குவீன் ஆஃப் த ஹைவே" வரைக்கும் முடிச்சாத்தான் அவளோட கூட்டத்தக் கூப்பிட்டுப் போற முடிவு தொறக்கும். முடிக்கலேன்னா அந்த வழியே கிடையாது. பனாம் கூப்பிட்டா மெயின நிறுத்திட்டுப் போங்க. தெருவுல நீலமா மின்னற போலீஸ் ஸ்கேனர் சண்டைங்கள வழியில வந்தா மட்டும் பண்ணுங்க, தேடிப் போகாதீங்க.

#13 வியாசை_விங்கர்
ரெட் டெட் 2ல தேடிப் போக வேண்டியது ஒண்ணு இருக்கு: லெஜண்ட் ஆஃப் த ஈஸ்ட் பை. எல்லாப் பொருளும் 99 வச்சுக்கலாம். மொதல்ல கேம்ப் கணக்குப் புத்தகத்துல தோல் வேலைக் கருவி வாங்கணும், 225 டாலர். அப்புறம் கேம்ப் சமையக்காரர் பியர்சன் கிட்ட ஏழு பை. ஆறையும் செஞ்சாத்தான் ஏழாவது தொறக்கும். ஏழுக்கும் ஒவ்வொரு பர்ஃபெக்ட் மான் தோல் வேணும், கடைசிக்குக் கூட ஓநாயும் கூகரும்.

பர்ஃபெக்ட் எங்க கெடுதுன்னா துப்பாக்கியிலதான். பைனாகுலர்ல பாத்து மூணு ஸ்டார் உள்ள மிருகத்த மட்டும் எடுங்க. மானுக்கு வில்லோ ரைஃபிளோ, தலையில ஒரே அடி. ஷாட்கன் பட்டா தோல் நாசம். முயல், அணில் மாதிரி சின்னதுக்குச் சின்ன மிருக அம்புன்னு தனியா இருக்கு, அதைத்தான் போடணும். உரிச்ச தோல் கெடாது, உரிக்காம பொணமா வச்சா அழுகிடும். குதிரை மேல கட்டி வச்ச தோலோட குதிரை செத்தா தோலும் போச்சு. தோல் கிடைச்சதும் நேரா கேம்ப். நடுவுல ரோட்டோரம் எவனாவது கூப்பிட்டா நிக்காதீங்க.

#14 கொருக்குப்பேட்டை_கேட்
இவ்வளவு பேசியாச்சு. நம்ம ஊர வச்சே ஒரு மேப் போட்டா சைடு மிஷன் எப்பிடி இருக்கும்? சும்மா ரவுடி, அருவா வேணாம், அதைப் பாத்துச் சலிச்சாச்சு.

#15 காசிமேடு_கடைசி_படகு
ஏலம். விடியறதுக்கு முன்னாடி படகு வரும், கூடையில என்ன மீன், எவ்வளவு ஐஸ்னு பாத்துட்டு விலை கேக்கணும். வெயில் ஏற ஏற மீனோட தரம் எறங்கும், விலையும் எறங்கும். ரெட் டெட்ல பொணம் அழுகற அதே சிஸ்டம்தான். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த மிஷன் மேப்லேர்ந்து மறையணும். அதுக்குப் பதிலா வலை பின்னறது, இஞ்சின் எறக்கி சர்வீஸ் பண்றது. ஃபைபர் படகு மட்டும் போகும், அதுல வர்ற வஞ்சிரத்துக்கு ரெண்டு மடங்கு போட்டி. காலண்டரப் பாத்து மிஷன் மாறினா ஐகானே தேவையில்ல.

#16 வியாசை_விங்கர்
மழையையும் சேத்துக்கோ. கணேசபுரம் சப்வேல தண்ணி நின்னா அந்த வழி அடைபடும், டெலிவரி மிஷன் எல்லாம் சுத்துப் பாதைக்குத் திரும்பணும். கூடவே கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். டைமர் ஓடிட்டிருக்கறப்ப கேட் விழுந்தா நிக்கறதா, சுத்திப் போறதா? கூட்ஸ் வண்டியா பாசஞ்சரான்னு ஹாரன் சத்தத்த வச்சே கண்டுபிடிக்கற மாதிரி வைக்கணும். கூட்ஸுன்னா சுத்திப் போ.

#17 தேரடி_தெரு
க்வெண்டுக்குப் பதிலா கேரம். சீட்டுக்குப் புதுசா விதி சொல்லித்தர வேண்டியிருக்கு, இதுக்கு அதுகூட வேணாம். வெள்ளை 9, கருப்பு 9, சிவப்பு 1. சிவப்பப் போட்டா அடுத்து ஒரு காய் போட்டு கவர் எடுக்கணும், இல்லேன்னா சிவப்பு நடுவுக்குத் திரும்பிடும். 25 பாயிண்ட் கேம். தெருவுக்குத் தெரு போர்டு வேற: ஒண்ணுல பவுடர் கம்மி, ஒண்ணு ஒரு பக்கம் லேசா சரிவு. அதைக் கத்துக்கறதுதான் லெவல் ஏர்றது. தோத்தா ஸ்ட்ரைக்கரக் குடுத்துட்டுப் போகணும்.

#18 ஏழுகிணறு_எக்ஸ்
கேரம் ஓகே. ஆனா நெஜமான கேமுக்கு ரெண்டு டவுட்டு. லெஸ்டர் மிஷன் நாலையும் கதை நடுவுலயே முடிச்சாச்சுன்னா என்ன வழி? விட்ச்சர்ல எந்த சீட்டு பாக்கின்னு எப்பிடித் தெரியும்?

#19 ராயபுரம்_1856
மொதலாவதுக்கு, பழைய சேவ் இருந்தா அதுக்குப் போ. இல்லேன்னா விட்டுடு, கதைய முடிக்க அந்தக் காசு தேவையே இல்ல.

#20 பெரம்பூர்_லோகோ
ரெண்டாவதுக்கு "மிராக்குலஸ் கைட் டு க்வெண்ட்"னு ஒரு புத்தகம். பின்னாடி பேட்ச்ல சேத்தது. ஆரம்பத்துல வைட் ஆர்ச்சர்ட் சத்திரத்துல உக்காந்திருக்கற படிச்ச ஆளு கிட்ட கிடைக்கும். அந்த ஊரத் தாண்டிட்டா நோவிகிராட்ல செயின்ட் கிரிகோரி பாலம் பக்கத்து வியாபாரி கிட்ட வாங்கு. தொறந்து பாத்தா எந்த சீட்டு இல்ல, எங்க கிடைக்கும்னு எழுதியிருக்கும். முகமூடி விருந்துக்குப் போறதுக்கு முன்னாடி வாங்கிடு.